என்னிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை

சண்முகவேலைக் கடனிலிருந்து மீட்டுத் தருகிறேன் என்று சொல்லி, அவன் குடியைக் கெடுத்தவன் நான்.

வாராவாரம் அவன் என்னை நம்பிக் கொண்டுவந்து கொடுத்த தவணைப் பணத்தை, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். திருட்டு என்று சொல்லலாமா? சொல்லுங்கள்... ஆனால் ஒன்று. அவன் எனக்கும் கடன்பட்டிருந்தான். அது அவனுக்கே தெரியாது!

இதை என் மனைவியிடம் சொன்னதில்லை. எங்கள் சபையின் பாதிரி ஐயரிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. என் கையிலிருந்து ஒரு பைசா வாங்கியதுமில்லை, எனக்குக் கொடுத்ததுமில்லை. அதனால்தான் சொல்ல வாய் வருகிறது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கமாட்டேன். அது உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் சங்கரன்கோவிலில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன். சம்பளம் அதில்தான். ஆனால் ஊரில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை. கடனில் மூழ்கினவனுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து பைசல் பண்ணி வைப்பேன். யாரும் என்னை அதற்கு நியமிக்கவில்லை. ஒருமுறை ஒரு பெட்டிக்கடைக்காரனுக்குச் செய்துகொடுத்தேன், அவன் தப்பித்தான், பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

விசைத்தறி ஊரில் கடனுக்கா பஞ்சம்? நூல் கடன், தறி வாங்கிய கடன், அந்த வட்டியைக் கட்ட வாங்கிய கைமாற்று, அந்தக் கைமாற்றை அடைக்க வாங்கிய இன்னொரு கடன்! தலைக்குமேல் போனபிறகு சிலர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு ஒதுங்குவார்கள். சிலர் ஊரைவிட்டே ஓடுவார்கள். அதற்குமேல் போனவர்களைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.

அப்படிப் போகுமுன் என்னிடம் வந்தால் முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பேன். யார் யாருக்கு எவ்வளவு என்று முழுவதையும் சொல்லச் சொல்வேன். எல்லோரும் ஒரு கடனை மறைப்பார்கள். பெரும்பாலும் மைத்துனனிடம் வாங்கியதாக இருக்கும். அதையும் நயமாகப் பேசி வாங்கிவிடுவேன். இனி வட்டி கட்டுவதற்காகக் கடன் வாங்கமாட்டேன் என்று கணவன் மனைவி இருவரிடமும் வாக்கு வாங்குவேன். பிறகு கடன் கொடுத்தவர்களை எல்லாம் எங்கள் கடையின் பின்புறத்துக் கிட்டங்கியில் கூட்டுவேன். வட்டியைத் தள்ளி முதலை மட்டும், எல்லோருக்கும் ஒரே விகிதத்தில், தவணையாக என்று பேசி முடிப்பேன்.

கிட்டங்கி முழுக்க வத்தல் மூட்டை. நெடியில் எல்லோருக்கும் இருமல் வரும், கண் கலங்கும். யார் அழுகிறார், யாருக்கு நெடி ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கடன்பட்டவனுக்கு அது ஒரு மரியாதை. அதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அவ்வளவு நல்லவன் நான்!

எனக்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தேன். பைசல் பேசியபிறகு கடன் கொடுத்தவர் யாரும் அவன் வீட்டுக்குப் போகக்கூடாது. அவனை வழியில் நிறுத்திக் கேட்கக்கூடாது. எது கேட்பதானாலும் என்னிடம்தான் கேட்கவேண்டும். பணம் என் கைக்கு வரும். என் கையிலிருந்து போகும். அவன் பிழைக்கிற கருவியை, தறியோ தள்ளுவண்டியோ, யாரும் தொடக்கூடாது. ஆனால் அவன் பைசலை முறித்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ரசீது கிடையாது. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு எழுதிக் கொடுக்கப் போனேன். 'வேதக்கார அண்ணாச்சிட்ட ரசீது வாங்கினா நாலு பேரு சிரிப்பாக' என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். பொய் சொல்லமாட்டான், நெசவுக்காரர்களுக்கும் உறவில்லை, நூல் வியாபாரிகளுக்கும் உறவில்லை, எந்தப் பக்கமும் சாயமாட்டான்... அதுதான் அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பு. எங்கள் தாத்தா காலத்து உபதேசியார்கள் சேர்த்துவைத்த மதிப்பு அது. செலவழித்தவன் நான்.

இப்போது என் கடனைச் சொல்கிறேன்.

என் மகள் ஜெயராணியைப் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பவேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் ஆயிரத்து ஐந்நூறு என்னிடம் இருந்தது. போஸ்ட் ஆபீசில் போட்டிருக்கலாம். ஆனால் தினமும் மற்றவர்களின் வட்டிக் கணக்கைக் கேட்டுக் கேட்டு எனக்கும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. நூற்றுக்கு மூன்று வட்டி! மாதம் பிறந்தால் சும்மா வருகிறது! ஆனால் நான் எங்கள் சபையின் சேகரக் கமிட்டியில் இருக்கிறவன். வட்டிக்கு விடுகிறான் என்று தெரிந்தால் கோயிலில் முன்வரிசையில் உட்கார முடியுமா?

அதனால் உலகநாதனைப் பிடித்தேன். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். பணம் என்னுடையது, பெயர் அவனுடையது. அவனுக்கு ஒரு சின்னப் பங்கு. அந்தப் பணத்தை அவன் யாருக்குக் கொடுத்தான் என்று நான் கேட்டுக்கொண்டது கொடுத்த பிறகுதான். இரண்டு தறி வைத்திருக்கும் சண்முகவேல் என்றான். நல்ல உழைப்பாளி, பயமில்லை என்றான்.

ஒரு வருடத்துக்கு மேல் வட்டி ஒழுங்காக வந்தது. அதில் என் மனைவிக்குத் தையல் மெஷின் வாங்கிக்கொடுத்தேன். பிறகு அந்த மின்வெட்டுக் காலம் வந்தது. பகலில் கரண்ட் இல்லை, தறி ஓடவில்லை. நூல் விலை ஏறிக்கொண்டே போனது. சண்முகவேல் வட்டியை நிறுத்தினான். ஜெயராணியைச் சேர்க்கவேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் செய்ததைக் கவனமாகக் கேளுங்கள். கடன்பட்டவன் எதற்குப் பயப்படுவான் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் என் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள்! அவர்கள் நம்பிச் சொன்னதையெல்லாம் சேர்த்து உலகநாதனுக்குப் பாடம் நடத்தினேன். சத்தம் போடாதே, திட்டாதே, பணம் என்ற வார்த்தையையே எடுக்காதே என்றேன். காலையில் தறி ஓடத் தொடங்கும் நேரத்துக்குப் போ. வாசலில் சைக்கிளை நிறுத்து. மணியை ஒருதரம் அடி. அப்புறம் சும்மா சைக்கிள்மேல் சாய்ந்து நில். அவன் வெளியே வந்தாலும் பேசாதே. தெரு பார்க்கட்டும்.

உலகநாதன் அப்படியே செய்தான். கெட்டிக்காரன்.

கொஞ்ச நாளில் சண்முகவேல் என்னைத் தேடி வந்தான். மனைவி கோமதியையும் கூட்டிக்கொண்டு, அவள் இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு. மெலிந்த ஆள், சட்டையில் பஞ்சுத் தூசி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். வழக்கமாகச் செய்வதுதான். ஒவ்வொருவர் பெயராகச் சொன்னான். நூல் கடை திரவியம் முதலாளிக்கு இவ்வளவு, தறி விற்றவருக்கு இவ்வளவு, சொந்தக்காரர் இருவரிடம் கைமாற்று. ஐந்தாவது பெயருக்கு வந்தபோது நிறுத்தி, மனைவியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"மத்தவங்க ஏசுதாங்க, போறாங்க அண்ணாச்சி. இந்தச் சைக்கிள் கடை ஆளு ஒண்ணும் பேசாம வந்து நிக்கான். அந்த மணிச் சத்தம் கேட்டா இந்தப் பிள்ளை வீல்னு அழுது. எனக்கு அவன நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்! 'அம்மா, அந்தப் பணம் என்னுடையது, நான் உங்களுக்குப் பைசல் பேசுவது முறையாகாது' என்று ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் மானம் போயிருக்கும். அவ்வளவுதானே... நான் குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இனி அவன் வரமாட்டான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாளிலிருந்து சைக்கிள் வரவில்லை. கோமதி என்னைத் தெய்வமாகப் பார்க்க ஆரம்பித்தாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை உங்களுக்குத் தெரியும். பூனையே வந்து காவலுக்கு நிற்பதாகச் சொன்ன கதை இது.

கிட்டங்கியில் எல்லோரும் கூடினார்கள். உலகநாதனும் மற்றவர்களோடு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, என்னைப் புதிதாகப் பார்ப்பவன் போல வணக்கம் சொன்னான். திரவியம் முதலாளி கொஞ்சம் முரண்டு பிடித்தார். அவருக்குத்தான் பெரிய தொகை. மின்வெட்டு தீர்ந்தால் இரண்டு தறியும் ஓடும், ஓடினால்தான் உமக்கும் பணம், தறியைப் பிடுங்கினால் பழைய இரும்பு விலைதான் தேறும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். வட்டி தள்ளுபடி, முதல் மட்டும், சனிக்கிழமைதோறும் தவணை. சண்முகவேல் எல்லோரையும் கும்பிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. நெடியாகவும் இருக்கலாம்.

முதல் சனிக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்து பணத்தைக் கொடுத்தான். ஜெயராணி காப்பி கொடுத்தாள். என்ன படிக்கப்போகிறாள் என்று விசாரித்தான். 'எங்க பிள்ளையும் இந்த அக்கா மாதிரி டீச்சர் ஆகணும்' என்றான். அவன் போனபிறகு பணத்தைப் பங்கு பிரித்தேன். என் பங்கு, அதாவது உலகநாதன் பங்கு, கொஞ்சமாகத்தான் இருந்தது. இந்த வேகத்தில் போனால் என் ஆயிரத்து ஐந்நூறு வருவதற்குள் ஜெயராணிக்கு வயது போய்விடும் என்று தோன்றியது.

மூன்று நாலு மாதம்... முதலில் என் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். பிறகு வருவதையெல்லாம் மற்றவர்களுக்கே கொடுத்துவிடலாம். கடைசியில் எல்லோருக்கும் சரியாகப் போய்ச் சேரும். யாருக்கு நஷ்டம்? இப்படித்தான் எனக்கு நானே பைசல் பேசிக்கொண்டேன். என்னிடம் வருகிற கடன்காரர்கள் எல்லோரும் தங்களுக்குச் சொல்லிக்கொள்வதும் இதே கதைதான். அவர்களிடம் கேட்டால் உடனே பிடித்துவிடுவேன். என்னிடம் பிடிக்கவில்லை.

மற்ற நால்வருக்கும் கையில் கொஞ்சம் கொஞ்சம் வைத்தேன். இந்த வாரம் இவ்வளவுதான் கொடுத்தான் என்றேன். கரண்ட் இல்லை, பாவம், கொஞ்சம் பொறுங்கள் என்று அவனுக்காகப் பரிந்து வேறு பேசினேன்! என் சட்டப்படி அவர்கள் அவனைக் கேட்கக்கூடாது. அவனும் அவர்களைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போவான். அந்தக் கும்பிடு அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குடும்பம் எப்படித் தவணை கட்டியது என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கரண்ட் வருகிற நேரமெல்லாம் இருவரும் மாறி மாறித் தறியில் நின்றிருக்கிறார்கள். கோமதி கழுத்திலிருந்த பொன்னை விற்று, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டாள். ஒரு சனிக்கிழமையும் தப்பவில்லை. ஒரு சனிக்கிழமையும்!

ஜெயராணியைப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தேன். டிரங்குப் பெட்டி வாங்கினேன்; வெள்ளைச் சேலைகள் வாங்கினேன்.

திரவியம் முதலாளி பொறுமை இழந்துவிட்டார். மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, என்னையும் சண்முகவேலையும் தன் கடைக்கு வரவழைத்தார். பைசலை முறித்துவிட்டாயே என்று அவனைக் கேட்டார். சண்முகவேலுக்கு முதலில் புரியவில்லை. வாராவாரம் முழுத் தவணையும் கொடுத்துவருகிறேனே என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவனும் என்னைப் பார்த்தான். சந்தேகமாக அல்ல... சாட்சிக்காரனைப் பார்ப்பதுபோல, நிம்மதியாகப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றான்.

நான் சொன்னேன். ஒரு வார்த்தை அல்ல, சில வார்த்தைகள். அவற்றை அப்படியே எழுதுகிறேன், ஒளிக்கவில்லை. "ஏதோ கொடுத்தான். முழுசா இல்ல. பாவம், அவனும்தான் என்ன செய்வான்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. பொய்யைச் சொல்லிவிட்டு, அதன்மேல் இரக்கத்தையும் தடவிக் கொடுத்தேனே! என் இரக்கத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

திரவியம் முதலாளி, கணக்குப் பேச்செல்லாம் போதும், அவன் சொல்வது உண்மையானால் நாளைக் காலை அம்மன் சன்னிதி வாசலில் வந்து சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றார். சங்கரன்கோவிலில் அதற்குமேல் வழக்கு கிடையாது. எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, நான் சொன்னது நிஜம் என்று சொல்லவேண்டும். பொய்யானால் செய்தவன் குடி விளங்காது. நிஜமானால், எவன் பொய் சொன்னானோ அவன் பிள்ளைகள் தலையில் விடியும்.

என்னிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை. வேதக்காரர் சூடம் தொடமாட்டார், வேதக்காரருக்குச் சத்தியமே கிடையாது என்று ஊருக்கே தெரியும். நாங்கள் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை... அப்படித்தானே சிறுவயதிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்! கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக, என் வேதத்தையே பிடித்துக்கொண்டு நழுவினேன்.

மறுநாள் காலையில் கோபுர வாசலில் கூடினார்கள். நான் எதிரே, காணிக்கைக்குத் தகட்டுப் பாம்பும் தேளும் விற்கிற கடை ஓரமாக நின்றுகொண்டேன். அவன் சத்தியம் செய்யப்போகிறான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் சொல்வது உண்மை. அவனுக்கு என்ன பயம்? அவன் அணைத்துவிட்டால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

தட்டில் சூடத்தை ஏற்றினார்கள். சண்முகவேல் குளித்து, ஈர வேட்டியோடு நின்றான். கையை நீட்டினான். நீட்டிய கையோடு கூட்டத்தில் தேடினான். என்னைக் கண்டான். கையை எடுத்துக்கொண்டான்.

"வேண்டாம் முதலாளி. நான் சத்தியம் பண்ணினா அது எங்கன போயி விழும்னு எனக்குத் தெரியும். தறிய எடுத்துக்கிடுங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. பொய்ச் சத்தியம் செய்தால் தன் பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று பயந்து ஒப்புக்கொண்டான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பாதிக் குற்றத்தையாவது ஒத்துக்கொண்டானே என்று ஒருவர் பாராட்டக்கூடச் செய்தார். எனக்கு மட்டும்தான் தெரியும்... அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவன் கண்முன் வந்து நின்றது அவன் பிள்ளை அல்ல. சனிக்கிழமைகளில் காப்பி கொடுத்த என் பிள்ளை!

எதற்காக என்னைக் காப்பாற்றினான்? அவனை நம்பவைத்துக் கழுத்தறுத்தவனை? கேட்டுக் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்றே இரண்டு தறியையும் இறக்கினார்கள். ஒன்றில் பாவு நூல் ஏறியிருந்தது. பாதிச் சேலை நெய்திருந்தது. எவ்வளவு பெரிய கடனானாலும் ஏற்றிய பாவு நெய்து முடியும்வரை தறியைத் தொடமாட்டார்கள் எங்கள் ஊரில். திரவியம் முதலாளி கோபத்தில் அதையும் பார்க்கவில்லை. அறுக்கச் சொன்னார். நடுவில் இருந்து பேசியவன் என்பதால் சாட்சிக்கு நானும் நிற்கவேண்டியிருந்தது. அரிவாளை வைத்ததும் இழுத்துக் கட்டியிருந்த அத்தனை நூலும் ஒரே நேரத்தில் தளர்ந்து விழுந்தது. தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் மட்டும் இல்லை. கோமதி பாதிச் சேலையை மடித்து ஓரமாக வைத்தாள். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

பைசலை முறித்தவன் என்று பெயர் விழுந்தவனுக்கு ஊரில் யாரும் நூல் கொடுக்கமாட்டார்கள். கூலிக்குக்கூடத் தறியில் நிறுத்தமாட்டார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

போகிற அன்று காலையில் கோமதி என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சண்முகவேல் ஸ்டேஷனில் மூட்டைகளோடு நிற்பதாகச் சொன்னாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்து நீட்டினாள். கடைசிச் சனிக்கிழமைத் தவணையாம்! தறி போனபிறகும்! பாக்கி வைக்கக்கூடாது, கொடுத்துவிட்டு வா என்று அவன் அனுப்பியிருக்கிறான்.

வாங்காமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். வாங்க மறுத்தால் என்ன அர்த்தம்? ஏன் மறுக்கிறீர்கள் என்று என் மனைவி கேட்பாளே! அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதுதான் கோமதியின் உள்ளங்கையைப் பார்த்தேன். நடுவில் வட்டமாகத் தோல் கருகி, சுற்றிலும் கொப்புளித்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, கையை நன்றாகவே விரித்துக் காட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

"அவுக மனசு வராம விட்டுட்டாக அண்ணாச்சி. எனக்கு அந்த மனசு இல்ல. இப்பத்தான் அம்மன் வாசல்ல அணைச்சுட்டு வாரேன்."

அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் புறப்படும்போது எதிரியிடம்கூட 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். அவள் அதைக்கூடச் சொல்லாமல் படியிறங்கினாள். என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் என்று என் மனைவி கேட்டாள். ஏதோ வேண்டுதலாம் என்றேன்.

அதன்பிறகு நான் எதுவும் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்? தையல் மெஷினை விற்றேன். சம்பளத்தில் முன்பணம் வாங்கினேன். நான் விழுங்கிய பங்கையெல்லாம் இரண்டு வருடத்தில் நால்வருக்கும் கொடுத்து முடித்தேன். எப்படிக் கொடுத்தேன் தெரியுமா? சண்முகவேல் வெளியூரிலிருந்து கொடுத்தனுப்புகிறான் என்று சொல்லிக் கொடுத்தேன்! திரவியம் முதலாளி அசந்துபோனார். ஓடிப்போனவனிடமிருந்தே வசூல் பண்ணிவிட்டீரே வே என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் பெயர் இன்னும் பெரிதாயிற்று. வாசுதேவநல்லூரிலிருந்தும் குருவிகுளத்திலிருந்தும்கூட ஆட்கள் பஸ் ஏறி என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

இப்போதும் வருகிறார்கள். இப்போது நான் கட்டாயமாக ரசீது எழுதிக் கொடுக்கிறேன். வாங்கி, படிக்காமலே என் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

திருப்பூரில் அவர்களைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஒருமுறை போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, தறிச் சத்தம் கேட்ட ஒரு தெருவில் பாதிதூரம் நடந்தேன். கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயம் வந்தது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். உலகநாதன் இருக்கிறான். அவ்வப்போது வந்து சிரித்துக்கொண்டே பத்து, இருபது கைமாற்று வாங்கிப் போவான். திருப்பித் தரமாட்டான். நான் கேட்பதும் இல்லை.

நான் வேதக்காரன். சூடத்துக்கும் சாபத்துக்கும் பயப்படக்கூடாது. பயப்படவில்லை என்று பகலில் சொல்லிக்கொள்வேன். ஜெயராணி படிப்பை முடித்தாள், வேலை கிடைத்தது, நல்ல இடத்தில் திருமணம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொன்றும் நல்லபடியாக நடக்க நடக்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போகிறது... சேர்த்துவைத்து ஒரேயடியாக வசூலிப்பார்களோ? வட்டியும் முதலுமாக?

இப்போது அவள் நிறைமாதம். பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டிவரவேண்டும் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். நான் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சாக்குச் சொன்னேன். உண்மை வேறு. கோமதி கை நீட்டி நின்றது இந்த வீட்டு வாசற்படியில்தான்! என்ன தகப்பனோ என்று மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இந்த வாரம் எப்போது வேண்டுமானாலும் தந்தி வரலாம் என்கிறார்கள். தந்திக்காரரும் சைக்கிளில்தான் வருவார். நேற்றுக் காலையில் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மணி ஒருதரம் அடித்தது. அப்புறம் சத்தமில்லை.

நான் எழுந்து போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். சண்முகவேலும் இப்படித்தான் நின்றிருப்பான்.

மனைவிதான் போய்ப் பார்த்தாள். யாரோ பக்கத்து வீட்டுக்கு வழி கேட்டாராம். இன்றைக்கு இன்னும் யாரும் வரவில்லை. மணி எட்டுகூட ஆகவில்லை.